டரான்டுலா தொட்டியில் அலங்காரம்: பல்லிக்கு ஆகும், சிலந்திக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லப் பிராணிகளுக்கென்று ஒதுக்கும் பக்கங்களில், மயிர் அடர்ந்த பெரிய சிலந்தியான டரான்டுலாவின் படமும் அவ்வப்போது வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படங்களில் சிலந்தியைச் சுற்றிக் கூரான கற்கள், முள்ளுள்ள கள்ளி, பீங்கான் மண்டையோடு, தொட்டியின் உச்சி வரை எழும் கிளை என்று அடுக்கியிருப்பதைக் கண்டால் மனம் பதைக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி அமைக்கப் புறப்படுகிற புதியவர்களுக்காக, டரான்டுலாக்களை நீண்ட காலமாக வளர்த்துவரும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

தவறு பெரும்பாலும் வாங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. டரான்டுலாவுக்கு என்று விற்கப்படும் அலங்காரப் பொருள்களில் பல, பல்லி, ஓணான், பாம்பு முதலியவற்றுக்காகச் செய்யப்பட்டவை. உறையில் "ஊர்வனவற்றுக்குப் பாதுகாப்பானது" என்று இருந்தால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓணானுக்கு உள்ளே எலும்பு, வெளியே தடித்த தோல். கிளையிலிருந்து விழுந்தால் உதறிக்கொண்டு ஓடிவிடும். டரான்டுலாவின் பின்புறம் இருக்கும் உருண்டையான வயிறு, இரத்தம் நிறைந்த மெல்லிய பைதான். அதைத் தாங்க உள்ளே எலும்பும் இல்லை, வெளியே ஓடும் இல்லை. கால்களின் நிலை இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு காலிலும் இரண்டு முக்கிய மூட்டுகளை மடக்கத்தான் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடலிலிருந்து காலுக்குள் இரத்தத்தை அழுத்தித் தள்ளித்தான் சிலந்தி காலை நீட்டுகிறது. வயிறு கிழிந்து இரத்தம் ஒழுகினால் அந்த அழுத்தம் போய்விடும். கால்கள் எட்டும் உள்நோக்கிச் சுருண்டு, நடக்கவே முடியாமல் கிடக்கும். தொட்டிக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவெல்லாம் இந்த உடலமைப்பிலிருந்து வர வேண்டும்.

முதலில் உயரம். தரையில் வாழும் இனங்களும் கண்ணாடிச் சுவரில் ஏறும், அதுவும் புதிய தொட்டிக்கு மாற்றிய முதல் சில நாள்களில் இரவு முழுக்க ஏறும். பாரமான உடல். பிடி நழுவினால் வயிறுதான் முதலில் தரையில் மோதும். அதனால் மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே உள்ள இடைவெளி, சிலந்தியின் கால்விரிவைப் போல் ஒன்று முதல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. கால்விரிவு என்பது முன்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்கால் நுனி வரை குறுக்காக அளப்பது. 15 செ.மீ. கால்விரிவுள்ள சிலந்தியை 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டியில் வைத்தால் மண்ணை 10 செ.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 12 செ.மீ. வரை நிரப்ப வேண்டும். மண்ணை மிச்சம் பிடித்து 3 செ.மீ. மட்டும் போட்டுவிட்டு, மீதி இடத்தை அலங்காரத்தால் நிரப்புவதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு. வளை தோண்டி வாழும் இனங்களுக்கு 15 முதல் 25 செ.மீ. ஆழ மண் வேண்டும். அவற்றுக்கு அந்த மண்ணே வீடு. மேலே ஒரு பட்டைத்துண்டும் தண்ணீர்க் கிண்ணமும் போதும்.

அலங்காரப் பொருள் வந்ததும் இந்தக் கணக்கு மாறுகிறது. மண் மெத்தென்று இருந்தாலும், சுவரோரம் ஒரு கல் இருந்தால் சிலந்தி விழுவது கல்லின் மேல்தான். எனவே கண்ணாடியை ஒட்டிய ஒரு கை அகலத்துக்குக் கல், பீங்கான், கூரான மரம் எதுவும் இருக்கக் கூடாது. சுவரில் சாய்த்துவைத்த கார்க் பட்டைக்கு மட்டும் விலக்குத் தரலாம். அது மென்மையானது, சரிவாகவும் இருப்பதால் விழும் உயரத்தைக் குறைக்கிறது.

கல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லுக்கு அடியில் குடைவது டரான்டுலாவின் இயல்பு, காட்டிலும் அப்படித்தான் வாழ்கிறது. ஆனால் காட்டில் கல் பல்லாண்டாக இறுகிய மண்ணில் பதிந்திருக்கும். தொட்டியில் போட்டது நேற்றுக் கொட்டிய பொலபொலத்த தேங்காய்நார்த் தூள். அதன் மேல் வைத்த அரைக் கிலோ கல்லுக்கு அடியில் சிலந்தி இரவோடிரவாக மண்ணை வாரி வெளியே தள்ளும். தாங்குவதற்கு மண் இல்லாமல் கல் அப்படியே அதன் மேல் இறங்கும். கல் வைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் கல்லைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேரடியாக உட்காரவைத்து, பிறகு அதைச் சுற்றி மண்ணைப் போட வேண்டும். அப்போது எவ்வளவு தோண்டினாலும் கல் இறங்காது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கல் அடுக்கும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. ஓடையில் எடுத்த கல்லை அடுப்பில் வைத்துச் சூடேற்றிச் சுத்தம் செய்யவும் கூடாது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும். வெந்நீர் ஊற்றித் தூரிகையால் தேய்த்துக் காயவிட்டால் போதும். வினிகர் ஊற்றி நுரைக்கிறதா என்று பார்க்கும் சோதனை மீன்தொட்டிக்கு உரியது, இங்கே அதற்கு வேலையில்லை.

அடுத்தது, பலர் கவனிக்காத நகம். டரான்டுலாவின் ஒவ்வொரு கால் நுனியிலும் பூனை நகம்போல உள்ளிழுக்கக்கூடிய இரண்டு கொக்கிகள் உண்டு. கம்பிவலை மூடியின் அடியில் அது தலைகீழாக ஊர்ந்துபோகும்போது பார்த்தால் தெரியும்: ஒரு கொக்கி வலைக்கண்ணுக்குள் இறங்கும், சிலந்தி காலை இழுக்கும், வராது. மற்ற கால்களும் ஒவ்வொன்றாகப் பிடி விட, முழு எடையும் அந்த ஒரு கொக்கியில் தொங்கும். ஒன்று, காலை விட்டுவிட்டுக் கீழே விழும். இல்லையென்றால் தொங்கிக்கொண்டே களைத்துப்போகும். கால் போனாலும் அடுத்தடுத்த தோலுரிப்பில் மீண்டும் முளைக்கும், ஆனால் விழுந்து வயிறு கிழிந்தால் திரும்புவது அரிது. வலை மூடியைக் கழற்றிவிட்டுத் துளையிட்ட அக்ரிலிக் தகடு பொருத்துங்கள். துளை சிலந்தியின் தலைமார்பு (கால்கள் முளைக்கும் முன்பகுதி) அகலத்தைவிட நன்றாகச் சிறியதாக இருக்கட்டும்.

அதே கொக்கி அலங்காரப் பொருளிலும் சிக்கும். துணி இலையின் ஓரத்தில் பிரிந்த நூல், சணல் கயிறு, மீன்வலைத் துண்டு, ஒட்டுத்துப்பாக்கிப் பசை விட்டுச்செல்லும் மெல்லிய இழைகள் எல்லாம் கண்ணிகளே. இதற்கு எளிய சோதனை உண்டு. பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறை ஒன்றை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு, வைக்கப்போகும் பொருளின் எல்லாப் பக்கத்திலும் மெதுவாகத் தடவுங்கள். எங்கே நூல் மாட்டி இழுக்கிறதோ அங்கே வயிறும் கிழியும். மரமோ பிசின் வார்ப்போ என்றால் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட்டு மறுபடி தடவிப் பாருங்கள். மூன்று முறை தேய்த்தும் மாட்டினால் அந்தப் பொருள் வேண்டாம். கள்ளிச்செடி, அசலோ பிளாஸ்டிக்கோ, இந்தச் சோதனைக்கே வர வேண்டியதில்லை.

எதை வைக்கலாம் என்று கேட்டால் எங்கள் முதல் விடை எப்போதும் கார்க் பட்டைதான். கார்க் ஓக் மரத்தை வெட்டாமல், சுமார் 9 ஆண்டுக்கு ஒருமுறை உரித்தெடுக்கும் பட்டை அது. கனமில்லை, ஈரத்தில் எளிதில் அழுகாது, பூஞ்சை அவ்வளவாகப் பிடிக்காது, சிலந்தியின் மேலே சாய்ந்தாலும் நசுக்காது. தட்டைத் துண்டு, அரைக்குழல், முழுக்குழல் என்று மூன்று வடிவில் கிடைக்கும். தரைவாழ் இனத்துக்கு அரைக்குழல் பொருத்தம். அதன் மூன்றில் ஒரு பங்கை மண்ணில் புதைத்து, வாய் மேல்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்குமாறு அழுத்தி, அடியில் விரலால் 5 அல்லது 6 செ.மீ. நீளத்துக்குச் சரிவாக ஒரு குழி தோண்டிக் கொடுங்கள். தொடக்கக் குழி இருந்தால் மீதியைச் சிலந்தியே தோண்டிக்கொள்ளும். குழி இல்லாமல் பட்டையை மண்மேல் கவிழ்த்துவைத்தால், பல சிலந்திகள் வாரக்கணக்கில் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். மறைவிடத்துக்குள் அது முழுதாகத் திரும்பி வெளியே பார்க்க முடிய வேண்டும், ஆனால் முதுகும் பக்கமும் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். அதற்குப் பார்வை குறைவு, தொடுவுணர்வில்தான் அது நிம்மதி தேடுகிறது.

மற்ற மரங்களில் பைன், சீடர், யூகலிப்டஸ் போல மணம் வீசுபவை கூடவே கூடாது. அந்த மணம் தரும் எண்ணெய்கள் பூச்சிகளை விரட்டவும் கொல்லவும் பயன்படுபவை, சிலந்தியும் அதற்குத் தப்பாது. கட்டுமானத்துக்காகப் பதப்படுத்திய பலகையில் செம்புச் சேர்மங்கள் ஏற்றியிருப்பார்கள், அதுவும் ஆகாது. மூங்கில் அழகுதான், ஆனால் ஈரத் தொட்டியில் விரைவில் பூஞ்சை பிடிக்கும், பிளந்த ஓரமோ கத்தி மாதிரி. திராட்சைக் கொடியின் கட்டை வறண்ட தொட்டிக்கு மட்டும் சரிவரும். கடற்கரையில் ஒதுங்கிய கட்டை என்றால் உப்புப் போகும் வரை பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும்.

வெளியில் பொறுக்கிய கிளையையும் சருகையும் அப்படியே போடாதீர்கள். பூச்சிக்கொல்லி தெளித்த இடத்தின் கிளையை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது, அந்த இடத்தையே தவிர்க்க வேண்டும். நம்பகமான இடத்தில் எடுத்ததென்றால் மண்ணை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கட்டைவிரல் தடிமனுள்ள கிளையை மின்னடுப்பில் 100 முதல் 110 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள். மைக்ரோவேவில் வைத்தால் கட்டை உள்ளிருந்தே தீப்பிடிக்கும். அடுப்புக்குள் நுழையாத கட்டைமேல் கொதிநீரைப் பலமுறை ஊற்றி, வெயிலில் உள்வரை காயவிடலாம். சருகைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயவைத்தால் போதும். இதன் நோக்கம் உண்ணிகளையும் எறும்பையும் அவற்றின் முட்டைகளையும் அழிப்பது. பூஞ்சை எப்படியும் மீண்டும் வரும். ஈரத் தொட்டியில் புது மரத்தின் மேல் முதல் சில வாரம் வெண்பூஞ்சை படர்வது இயல்பு. துள்ளுவால் பூச்சிகளை (springtail எனும் மிகச் சிறிய மண்ணுயிர்களை) விட்டால் அவை அதைத் தின்று தீர்க்கும், சிலந்தியைத் தொடாது.

செயற்கைச் செடிகளைப் பற்றி எங்களுக்குக் குறையில்லை. அவற்றில் பார்க்க வேண்டியவை மூன்று. வெந்நீரில் போட்டு, வெள்ளைத் துணியோடு ஓர் இரவு ஊறவிடுங்கள். துணியில் நிறம் ஏறினால் வேண்டாம். தண்டை வளைத்துப் பாருங்கள். உள்ளே கம்பி இருந்தால் அதன் முனை எங்கே முடிகிறது என்று தேடி வெட்டி எடுங்கள், அல்லது சிலிக்கான் பசையால் மூடுங்கள். மினுமினுப்புத் தூள் ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உயிருள்ள செடிக்கு வேறு கவலை. அலங்காரச் செடிகளுக்கு இமிடாக்ளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லி மருந்து வைத்து வளர்ப்பது பரவலான வழக்கம். அது வேர் வழியாகச் செடி முழுதும் ஏறி, மாதக்கணக்கில் இலையிலும் மண்ணிலும் தங்கும். இலையைக் கழுவினால் போகாது. வாங்கிய செடியின் வேரில் ஒட்டிய மண்ணை முழுதும் அலசி நீக்கி, மருந்தும் உரமும் இல்லாத மண்ணில் நட்டு, தொட்டிக்கு வெளியே சில மாதம் வளர்த்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். மணிபிளான்ட் கடித்தால் வாய் எரியும் செடி என்பதற்காகச் சிலர் ஒதுக்குகிறார்கள். சிலந்தி இலை தின்னாது, அந்த அச்சம் தேவையில்லை. வறண்ட நில இனங்களின் தொட்டியில் மட்டும் உயிர்ச்செடியை வைக்காதீர்கள். செடிக்காக ஊற்றும் தண்ணீர் சிலந்திக்குத் தொல்லையாகும்.

மரத்தில் வாழும் இனங்களுக்குக் கணக்கே வேறு. அவை உடல் இலேசாகவும், பாதங்களில் அடர்ந்த ஒட்டுமயிரோடும் இருப்பவை, உயரம் அவற்றுக்கு வேண்டும். சுமார் 13 செ.மீ. கால்விரிவுள்ள சிலந்திக்கு 30 செ.மீ. சதுரமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியில், உள்விட்டம் 5 முதல் 7 செ.மீ. உள்ள கார்க் குழலை ஒரு மூலையில் ஏறத்தாழ நிமிர்த்திச் சாய்க்க வேண்டும். அடியை 3 அல்லது 4 செ.மீ. மண்ணில் புதைத்து, குழல் உருளாதபடி இரண்டு இடத்தில் சிலிக்கான் பொட்டு வையுங்கள். குழலின் மேல்வாய் மூடிக்கு 5 செ.மீ.யாவது கீழே இருக்கட்டும். மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் சிலந்தி வலையை மூடியோடு சேர்த்துப் பின்னிவிடும். பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் கூடு கிழியும், சிலந்தியும் திறந்த வாயில் வந்து நிற்கும். மேல்வாயைச் சுற்றி நான்கைந்து பிளாஸ்டிக் இலைகளை ஒட்டிவைத்தால் வலை கட்ட அவை பற்றுகோல் ஆகும். உறிஞ்சுகிண்ணத்தில் ஒட்டித் தொங்கும் பொருள்களை நம்ப வேண்டாம், அவை ஒருநாள் கழன்று விழும்.

பிசினில் வார்த்த குகை, மண்டையோடு, கோட்டை முதலியவற்றில் மீன்தொட்டிக்கென்று செய்தவை தண்ணீரிலேயே கிடக்கத் தகுந்தவை, சாயம் கசியாது. ஆபத்து அவற்றின் வடிவத்தில் இருக்கிறது. கண்குழி வழியாகச் சிலந்தி உள்ளே நுழைந்து, உள்ளேயே தோலுரித்து, முன்னைவிடப் பெரிதாகிவிடும். நுழைந்த துளை இப்போது போதாது. மண்டையோட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே கையோ இடுக்கியோ எட்டாத எந்தக் குழிவான பொருளும், அடிப்பக்கம் முழுதாகத் திறந்திருந்தால் மட்டுமே தொட்டிக்கு ஏற்றது.

தோலுரிப்பு என்றதும் சொல்ல வேண்டியது, வெற்றிடமும் அலங்காரத்தின் ஒரு பகுதிதான். டரான்டுலா வலையில் ஒரு பாய் விரித்து, அதில் மல்லாந்து படுத்து, சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை எடுத்துக்கொண்டு பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவி எடுக்கும். வெளியே வந்த உடல் ஈர மாவு போல மிருதுவாக இருக்கும், பல் வெள்ளையாக இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் உள்ள ஒரு குச்சி முனைகூடப் போதும், கால் கோணிவிடும் அல்லது குத்திவிடும். எனவே எத்தனை பொருள் வைத்தாலும், கால்விரிவைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்கு மண்தரை சும்மா இருக்கட்டும். பொருள் கூடக் கூட, இரையாகப் போட்ட சிள்வண்டு ஒளிந்துகொள்ளும் இடுக்கும் கூடுகிறது. ஒளிந்த சிள்வண்டு பசித்தால், அசைய முடியாமல் கிடக்கும் சிலந்தியைக் கடித்துத் தின்னும். பின்சுவருக்கு நுரைப்பலகை ஒட்டுவதை நாங்கள் ஆதரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் புகுந்த சிள்வண்டை வெளியே எடுக்கவே முடியாது, அங்கேயே செத்து அழுகும். குஞ்சுகளுக்கு இன்னும் சுருக்கமாக: சிறு கிண்ணம், ஒரு விரல்நுனி அளவுப் பட்டை, ஒரு சருகு. அவ்வளவே.

ஒட்டுவதற்கு மீன்தொட்டிக்குரிய தூய சிலிக்கான் பசை மட்டும். குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். ஒட்டிய பின் புளித்த காடி வாசம் முழுதும் போகும் வரை காத்திருங்கள், தடித்த இடத்தில் அதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். தெளிப்பு வண்ணம், நகப்பூச்சு எதையும் பூச வேண்டாம்.

தண்ணீர்க் கிண்ணத்துக்குள் பஞ்சோ கடற்பஞ்சோ போடுவது பழைய வழக்கம், கிருமிதான் பெருகும். ஆழமில்லாத கிண்ணத்தில் வெறும் தண்ணீர் போதும். மின்னும் விளக்கு பதித்த பொருளும், சூடாகும் கல்லும் தொட்டிக்குள் போகவே கூடாது.

பொருளைத் தொடும் கையும் முக்கியம். நாய், பூனைக்கு உண்ணி மருந்து தடவிய கை, கொசு விரட்டிக் களிம்பு பூசிய கை, இவற்றோடு ஒரு பட்டைத்துண்டை எடுத்துவைத்தாலே போதும், அந்த மருந்து சிலந்திக்கும் எமன்தான். சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு முழுதும் போக அலசிய பிறகே தொடுங்கள். பொருள்களைக் கழுவும்போது சோப்பே வேண்டாம், வெந்நீரும் தூரிகையும் போதும்.

பழைய பொருளை வெளியே எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்கக் கண்டங்களின் இனங்கள் பலவும் வயிற்றிலிருந்து சுணைமயிரை உதறுபவை. மறைவிடத்தின் உட்புறமும் வலைப்பாயும் அந்த மயிர் படிந்தே இருக்கும். உலர்ந்த பட்டையைத் தட்டினால் மயிர் பறந்து கண்ணில் படியும், கருவிழியில் குத்தினால் மருத்துவரிடம் போயாக வேண்டும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் அணிந்து எடுங்கள். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்குச் சுணைமயிர் இல்லை, ஆனால் வேகமும் நஞ்சின் வீரியமும் அதிகம். அவற்றின் தொட்டியில் 30 செ.மீ. நீள இடுக்கி இல்லாமல் ஒரு இலையைக்கூட நகர்த்தாதீர்கள். சிலந்தி குழலுக்குள் இருந்தால் வாயை ஒரு மூடியால் அடைத்துக் குழலோடு வெளியே எடுத்துவைத்துவிட்டு, பிறகு தொட்டியில் வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
டரான்டுலா வளர்ப்போர் சிலர்